கைகழுவும் தொட்டியைப் பெயர்க்கச் சொன்னவர்

ஆகஸ்ட் 11, செவ்வாய், காலை 5.50. டாக்டர் மெர்சி காலமானார். மாரடைப்பு. வயது 46. போனில் அவருடைய கணவர் இரண்டு வாக்கியம் சொன்னார்.

வன்னியம்பட்டிக்காரர். இராஜபாளையத்தில் எங்கள் பரிசோதனைக் கூடத்தின் நுண்ணுயிரியல் மருத்துவர். நான் அங்கே வேலை பார்க்கும் பயோடெக் இஞ்சினியரிங் பட்டதாரி. அவரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும்: சமாதானப்படுத்தி அனுப்ப முடியாத ஆள்.

சென்ற ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யு.விலிருந்து ஒரு நோயாளியின் சிறுநீர் மாதிரி வந்தது. அதில் கிளெப்சியெல்லா என்ற கிருமி. கடைசியாகக் கொடுக்கும் மருந்துக்கும் சாகவில்லை. கொஞ்ச நாளில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஈ.கோலை என்ற இன்னொரு கிருமி. அதுவும் அதே மருந்துகளுக்கு அசையவில்லை.

"கிருமியே வேற மேடம். அவர்கிட்டருந்து இவருக்குத் தொத்தியிருக்காது" என்றேன்.

"ஏலே இஞ்சினியரு, கிருமிய விடு. பிளாஸ்மிட்டப் பாரு" என்றார்.

பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாகக் கிடக்கும் சிறு டி.என்.ஏ. வளையம். பல மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் ஒரே வளையத்தில் இருக்கலாம். பார்த்தோம். இரண்டு கிருமியிலும் ஒரே வளையம். வார்டின் கைகழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாயிலும் அதே.

ஆஸ்பத்திரி மேலாளருக்கு அவரே விளக்கினார்: "இந்த வளையம் வாட்சப் ஃபார்வர்டு மாதிரி சார். அனுப்புனவன்கிட்டயும் இருக்கும், வாங்குனவன்கிட்டயும் இருக்கும். சொந்தக்காரனா இருக்கணும்னு இல்ல, பக்கத்துல இருந்தாப் போதும்."

மிச்ச ஊசி மருந்தை அந்தத் தொட்டியில்தான் ஊற்றினார்கள். நோயாளிக்கு வந்த கஞ்சி மிச்சத்தையும் அதில்தான். கஞ்சியில் கிருமி பெருகும். மருந்துக்குத் தப்பியது மட்டும் மிஞ்சும். தண்ணீரைத் திறந்தால் தொட்டியை ஒட்டியிருக்கும் படுக்கையில் தெறிக்கும்.

"ஆசிட் ஊத்திட்டோம் மேடம்" என்றார் மேலாளர்.

"ஆசிட் ஓடிப் போயிரும். உள்ள பிடிச்ச வழுவழுப்பு போகாது. தொட்டியப் பேத்து எடுங்க."

"டைல்ஸ் இப்பத்தான் மேடம் புதுசாப் போட்டோம்."

"டைல்ஸுக்குக் காய்ச்சல் வராது சார்."

மேலாளர் சிரித்தார். தொட்டி மட்டும் நகரவில்லை. டாக்டர் விடாமல் போய்க்கொண்டிருந்தார். இறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும் போனார். இப்போது தொட்டியை ஒட்டிய படுக்கையில் சேத்தூர்க்காரர் ஒருவர் காய்ச்சலில் கிடக்கிறார். அவருடைய மாதிரி நேற்று எங்களிடம் வந்தது. இனி நான் செய்யப்போவது:

1. நாளை முடிவு வந்ததும் நானே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோவேன்.
2. அந்தப் படுக்கையை நகர்த்தும்வரை வார்டை விட்டு வரமாட்டேன்.
3. தொட்டியைப் பெயர்க்கும்போது பக்கத்தில் நிற்பேன்.
4. பொறவுதான் வன்னியம்பட்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு வருவேன். அதற்கு முன் வந்தால் திட்டுவீர்கள், மேடம்.