தன் கடைக்குத் தானே எதிர்க்கடை

நாலு மணி வெயிலில் குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் சொந்த பேக்கரிக்கு எதிரிலேயே தள்ளுவண்டி போட்டு வாழைக்காய் பஜ்ஜி பொரிக்கிறார் ஞானையா அண்ணாச்சி. ஆள் அடையாளம் தெரியக்கூடாதாம். அம்பாசமுத்திரம் முழுக்கத் தெரியும்.

"அண்ணாச்சி, நாலு பஜ்ஜி."

"அண்ணாச்சின்னு கூப்பிடாத லே, வெவரங்கெட்டவனே!" என்று அடிக்குரலில் சீறுவார். இலையில் மட்டும் ஐந்து விழும்.

சர்பத் வண்டியில் தொடங்கியவர். அது நன்றாக ஓடும்போதே மூடிவிட்டு ஜூஸ் கடை. அதையும் ஓடும்போதே மூடிவிட்டு பேக்கரி. "அடுத்தவன் வந்து நம்ம கடைய மூடுததுக்கு முந்தி நாமளே மூடிரணும் வே" என்பார். இப்போது ஆழ்வார்குறிச்சியிலும் வள்ளியூரிலும் கிளைகள். மேனேஜர்கள் மூன்று பேர். பப்ஸில் முட்டையைப் பாதியாக வைப்பதா முழுதாக வைப்பதா என்பதற்கே இரண்டு மீட்டிங். அண்ணாச்சிக்கு ஒரு சுழல்நாற்காலி கொடுத்தார்கள். தலைசுற்றல் வந்ததுதான் மிச்சம்.

நிர்வாகம் மகள் ஃபெபி அக்கா கையில். எம்.ஏ. பொருளாதாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும்போது, ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் ஒருவர் சொன்னதை எடுத்துவிட்டிருக்கிறார். பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடி அண்ணாச்சியே எங்களிடம் சொன்னது இது.

"முதலாளித்துவம் தோத்துச் சாகாதுப்பா. ஜெயிச்சு ஜெயிச்சே சாகும். துணிஞ்சு தொடங்குனவன் எடத்துல மீட்டிங் போடுதவன் வந்து உக்காருவான். பெறவு பெத்த பிள்ளைக்கே கடை மேல பிரியம் இருக்காது."

"அந்த மனுசன் நம்ம கடைக்கு எப்பம் வந்தாரு ளா?"

அக்கா சிரிக்கவில்லை. "ஒரு கம்பெனி கடைய வெலைக்குக் கேக்குது. குடுத்துருவோம்ப்பா. எனக்கு இதுல ருசியே இல்ல."

"இந்த மாசம் முடியட்டும்" என்றார் அண்ணாச்சி. மறுநாளே வண்டி வந்துவிட்டது. அதில் 'எதிர்க்கடை' என்று பெயர் எழுதியது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பேக்கரியில் கூட்டம் குறைந்தது, மீட்டிங் கூடியது. அண்ணாச்சி அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்து, "சண்டைக்கு வா ளா... ஒரு நாளாவது வா ளா" என்று முணுமுணுப்பார். எண்ணெய்ப் புகையில்தான் கண் கலங்குகிறது என்று நாங்களும் நம்பிக்கொண்டோம்.

நேற்று மாசக் கடைசி. கதவு திறந்தது. ஃபெபி அக்கா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு அடுப்பைத் தூக்கிவந்து வாசலில் வைத்தார். விற்காமல் கிடந்த தேங்காய் பன்னைக் கடலைமாவில் முக்கி எண்ணெயில் போட்டார். முதல் ஈடு கருகிப்போனது. இரண்டாவது ஈட்டின் வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது.

"வே எதிர்க்கடை! இனி ஒரு பஜ்ஜி வித்துரும், பாப்போம்!" என்றார். அப்பா என்று தெரிந்தேதான். முகமெல்லாம் சிரிப்பு.

வண்டியைச் சுற்றி நின்ற நாங்கள் மொத்தமாக அந்தப் பக்கம் ஓடினோம். துரோகம்தான், வாசனை அப்படி.

அண்ணாச்சி தன் அடுப்பை அணைத்தார். பைய ரோட்டைக் கடந்து வரிசையில் கடைசி ஆளாக நின்றார். முறை வந்ததும், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, மகள் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார்.