ஏழாவது வேகன்

மணவாள நகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு ரயில் ஓடுகிறது. இஞ்சின் ஒரு சாண் இருக்கும். அதன் பின்னால் வரிசையாக மொட்டை வேகன்கள், சுவரும் கூரையும் இல்லாத வெறும் தட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ராணுவ வண்டிகள் ஏறியிருக்கும். டாங்கி, ஜீப், தண்ணீர் டேங்கர், லாரி. எல்லாம் நிஜ வண்டியில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அந்தக் கணக்கு பிசகினால் எனக்குச் சோறு இறங்காது. கடையில் சுலபமாகக் கிடைக்கிற டாங்கி எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதை வேகனில் தூக்கி வைத்தால் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நிற்கும், முதல் பிளாட்பாரத்திலேயே இடிக்கும். பிளாட்பாரமே இல்லாத ரயிலுக்கு எதற்கம்மா இந்தக் கவலை என்பாள் என் மகள். கல்லூரியில் படிக்கிற பெண் பேசுகிற பேச்சு.

இந்த ரயிலே அவளுக்கு வந்ததுதான். துபாயில் இருக்கும் என் அண்ணன் அவளுக்காகக் கொண்டுவந்தார். ஒரு வாரம் ஓட்டினாள், அப்புறம் மறந்துவிட்டாள். பெட்டியில் மூன்று மொட்டை வேகன்கள் சும்மா கிடந்தன. சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி டிரைவர். அப்போது வடக்கே எங்கேயோ இருந்தார். எங்கே என்று சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அவர் ஓட்டும் லாரியைச் செய்து அந்த வேகனில் ஏற்றி வைத்தால் என்ன என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

டாங்கிக்குப் பஞ்சமில்லை. நம் ராணுவத்தில் இருக்கும் ரஷ்ய டாங்கிகளை வெளிநாட்டில் இதே அளவில் செய்கிறார்கள், வரவழைக்கலாம். அவர் ஓட்டிய லாரி நம் நாட்டுக் கம்பெனியுடையது, அதை உலகத்தில் யாரும் சின்னதாகச் செய்யவில்லை. நானே செய்ய வேண்டியதாயிற்று. காலாவதியான ஏ.டி.எம். அட்டைகளை வெட்டி உடம்பு செய்தேன். பழைய வேட்டித் துண்டைப் பசையில் முக்கி, பச்சை அடித்துத் தார்ப்பாய் ஆக்கினேன். ஐஸ் குச்சியைச் சீவினால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. அறுந்துபோன கவரிங் சங்கிலிதான் வண்டியை வேகனோடு கட்டும் சங்கிலி. எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, கொலுவுக்கா, ரொம்ப அம்சமா இருக்கே என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பீரங்கியை எந்தப் படியில் வைப்பீர்கள் என்று கேட்காமல் போனாரே, அதுவரை புண்ணியம்.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். பெல்ட்டில் வரும் உருப்படியைக் குனிந்து பார்த்து, வெடிப்பு, பிசிறு, அளவுக் குறை இருந்தால் தள்ளிவிட வேண்டும். கம்பெனி பஸ்ஸில் போக வர எனக்கு ஏகப்பட்ட நேரம். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வரும் லாரிகளை ஜன்னலோரம் உட்கார்ந்து சக்கரம் சக்கரமாகப் பார்த்துக்கொண்டே வருவேன். "இன்னாக்கா, இன்னைக்கு எத்தினி டாங்கி போச்சு?" என்று பின் சீட்டுப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர்கள் சீரியல் பார்க்கிறார்கள், நான் அச்சாணி பார்க்கிறேன்.

அவர் போன் பண்ணும்போதும் இதே கதைதான். டூல் பாக்ஸ் எந்தப் பக்கம், ஸ்டெப்னி எங்கே தொங்குகிறது, பின் சக்கரத்தில் எத்தனை நட்டு என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "இதெல்லாம் போன்ல கேக்காத" என்பார். டூல் பாக்ஸில் என்ன ராணுவ ரகசியம் என்று எனக்குக் கோபம் வரும். அவர் அதற்குள், ஊரில் மழையா, என்ன குழம்பு, பெண் சாப்பிட்டாளா என்று பேச்சை மாற்றிவிடுவார். குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் மறுபடி ஸ்டெப்னிக்கு வருவேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் வாழ்க்கையில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றுதான் அதையெல்லாம் கேட்டேன். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் அவருக்கு லீவே கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வருவதாக இருந்தார், ரத்தாகிவிட்டது. சித்திரையிலும் அதே கதை. அப்புறம் ஒரு நாள் போனில், சம்பந்தமே இல்லாமல், "நாளைக்குக் காலைல திருவாலங்காட்டுக்குப் போயேன்" என்றார். கோயில் குளம் என்று வாயைத் திறக்காத மனுஷன். எதற்கு என்று கேட்டேன். "சும்மா போ. ஸ்டேஷன்லயே கொஞ்ச நேரம் இரு. காத்து நல்லா வரும்" என்று வைத்துவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மிலிட்டரி ஸ்பெஷல் வருகிறது. வாயால் சொல்லக்கூடாததை இப்படிச் சொல்கிறார். நிஜமாக ஏற்றிக் கட்டிய வண்டிகளை என் கண்ணால் பார்க்கட்டும் என்று எனக்காகச் செய்கிறார். இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அவரும் அதில் வரலாம் என்று ஒரு ஆசை ஓடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தால் கடைசியில் சேர்க்கும் பயணிகள் பெட்டியில்தான் வருவார் என்று எனக்கு நிச்சயம். மாடல் ரயில் படங்களில் எல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். வண்டிகள் முன்னால், மனிதர்கள் பின்னால்.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, திருவள்ளூரில் லோக்கல் ஏறிப் போய்த் திருவாலங்காட்டில் இறங்கினேன். கோயில் பக்கமே போகவில்லை. பிளாட்பாரத்தில் நின்று நின்று கால் கடுத்தது. இரண்டு எக்ஸ்பிரஸ் போனது, ஒரு நிலக்கரி வண்டி போனது. பசிக்க ஆரம்பித்த நேரத்தில் அது வந்தது.

மெதுவாக வந்தது. சைக்கிளில் போகிற வேகம்தான். என் நெஞ்சு உயரத்தில் வேகன் மேல் நின்ற வண்டிகளின் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. அடடா, எவ்வளவு தப்பாகச் செய்து வைத்திருந்தேன் நான். முட்டுக்கட்டைகள் சதுரம் இல்லை, சரிவாக அறுத்து ஆணி அடித்திருந்தார்கள். கட்டியிருந்தது சங்கிலி இல்லை, கம்பிக் கயிறு. அதைக் குறுக்காகப் போட்டு, நடுவில் ஒரு இரும்புக் கம்பியை விட்டு முறுக்கி இறுக்கியிருந்தார்கள். ஏழாவது வேகனில் ஒரு லாரிக்குப் பின் மட்கார்டு கிழிந்திருந்தது. நட்டுகளின் மேல் மஞ்சள் பெயிண்ட் கோடு. அத்தனையையும் மனதுக்குள் எழுதிக்கொண்டேன். பெல்ட்டின் முன்னால் நிற்கிற மாதிரியே குனிந்து நின்றேன். சத்தம் காதை அடைத்தது.

கடைசியில் இரண்டு பெட்டிகள் வந்தபோதுதான் நிமிர்ந்தேன். ஜன்னல்களில் சட்டை போடாத சில ஆட்கள் தெரிந்தார்கள். அவர் முகம் இல்லை. இருந்தாலும் உள்ளே எங்கேயாவது இருப்பார், பார்ப்பார் என்று இரண்டு பெட்டிக்கும் சேர்த்து நன்றாகக் கை ஆட்டினேன். ஒரு ஆள் பதிலுக்கு ஆட்டினார். சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "கோயிலுக்குப் போனியா?" என்றார். போனேன், நல்ல தரிசனம் என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நான்தான் விடாமல் பேசினேன். சரிவு முட்டு, கம்பிக் கயிறு, முறுக்கு என்று, அவர் போன்ல கேக்காத என்று சொன்ன எல்லாவற்றையும் பேசினேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டார். "நல்லா பாத்தியா?" என்று ஒரு முறை கேட்டார். ஒன்றுவிடாமல் பார்த்தேன் என்று சொன்னேன்.

அந்த ரயிலை அப்படியே செய்ய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எந்த வேகனில் எந்த வண்டி, எது முன், எது பின், ஒன்று மாறாமல். ஏழாவதில் கிழிந்த மட்கார்டு, ஊசி முனையால் தொட்ட மஞ்சள் கோடு. ரயில் மாடல் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். எங்கெங்கிருந்தோ பாராட்டினார்கள். வண்டியைக் கட்டியிருப்பது நிஜம் போலவே இருக்கிறதே, எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நேரில் பார்த்தவள் என்று எழுதினேன். அவ்வளவு பெருமை.

ஒரே ஒரு குறை. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. அவர் ரிடையராகி வந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது தொழிற்பேட்டையிலிருந்து எளாவூர் தாண்டி ஆந்திரா பக்கம் டிரெய்லர் ஓட்டுகிறார். வந்த முதல் நாள் அந்த அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார், "நல்லா கீது" என்றார், கீழே போய்விட்டார். அதற்கப்புறம் டீ கொடுக்க வந்தாலும் வாசலோடு சரி. பாதி ஆயுசு இந்த வண்டிகளோடு போனவருக்கு வீட்டிலும் இதே வண்டியா என்று சலிப்பாக இருக்கும் என எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் உள்ளுக்குள் வலித்தது. ஊரே பார்க்கிறது, இவர் ஒரு தடவை உள்ளே வந்து நின்று பார்த்தால் என்ன? ஒரு நாள் கேட்டே விட்டேன். பேஜாரு பண்ணாத என்று சொல்லிவிட்டு லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குக் காற்று வாங்கப் போனார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி அறை ஃபேன் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் வரவில்லை. அவரே ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்தார். இறங்கியபோது வேறு வழியில்லாமல் ரயிலின் எதிரில் நின்றார். நான் சட்டென்று ஸ்விட்சைத் தட்டி ஓட விட்டேன். விட்டால் இனி எப்போது மாட்டுவார்.

அவர் குனிந்தார். கண்ணை வேகன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். இஞ்சினிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்து ஏழாவதில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"மட்கார்டு கிழிஞ்சதக்கூட வுடல நீ" என்றார்.

நேரில் பார்த்தேனே என்றேன், பெருமையாக.

"தெரியும். இதுலதான் நான் குந்திகினு இருந்தேன்."

எனக்கு விளங்கவில்லை. டிரைவர் தன் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்றார். ரயிலில் ஏற்றிவிட்டாலும் சாப்பாடு, தூக்கம், காவல் எல்லாம் அந்த கேபினுக்குள்தான். திருவாலங்காடு வரும் என்று விடியலிலேயே சவரம் பண்ணிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, என் பக்கமாக உட்கார்ந்திருந்தாராம். பிளாட்பாரத்தில் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாராம்.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே" என்றேன்.

"குடுத்தேன். கைய நீட்டி, பேர் சொல்லிக் கூப்ட்டேன். நீ சக்கரத்தையே பாத்துகினு இருந்த."

அப்புறம், கடைசிப் பெட்டிகளுக்கு நான் கை ஆட்டியதையும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாராம். "அதுல நம்ம சமையல்காரங்கதான் இருந்தாங்க. யாரோ ஒரு அம்மா டாட்டா காட்டிச்சுன்னு ரெண்டு நாள் பேசிகினு இருந்தானுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அவ்ளோ சந்தோஷமா சொல்லிகினு இருந்த. அத ஏன் கெடுக்கணும்?" என்றார். ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார்.

நான் அப்போது எப்படி இருந்தேன் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. யோசிக்காமல் பதில் சொன்னார். பச்சைப் புடவை, தலையில் பூ இல்லை, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, போன லீவுக்குப் பார்த்ததைவிட இளைத்திருந்தேன், இடது கையில் குடை.

அந்த வருடம் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் லாரியின் பின் சக்கரத்தில் எத்தனை நட்டு என்று கேளுங்கள், இப்போதும் சொல்வேன்.