உலைக்குள் ஒரு குளிர்

மதியம் பன்னிரண்டரை.

பேய் என்றால் நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். மன்னிக்க வேண்டும். இது பட்டப்பகலில் நடந்தது. வெளியே தார் உருகும் வெயில். இதைச் சொன்ன உலைக்காரன் வாய் திறந்தால் பாதி பொய்தான் பேசுவான். ஆனால் இதை அவன் குடித்திருந்தபோதும் கேட்டிருக்கிறேன், குடிக்காதபோதும் கேட்டிருக்கிறேன். ஒரு சொல் மாறியதில்லை. நிறுத்தும் இடமும் மாறியதில்லை.

பட்டறை மாமனாருடையது. அவர் படுத்த படுக்கை. இரண்டு பெண்கள், இரண்டு மருமகன்கள். மூத்த மருமகனுக்கு முன்னறை, மின்விசிறி, அதிகாரம். இளைய மருமகனுக்குப் பின்னறை, உலை, வியர்வை. அவன்தான் உலைக்காரன். சகலைகள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

பம்புகளுக்குள் போகும் வெள்ளை வளையங்களைச் செய்தார்கள். அலுமினாப் பொடியில் கொஞ்சம் சிர்கோனியாப் பொடி கலந்து அச்சில் அழுத்தினால் வளையம் வரும். அப்போது அது சாக்பீஸ்தான். நகம் பட்டால் உதிரும். உலையில் ஏற்றினால் துகளோடு துகள் ஒட்டி, இடையிலிருந்த காற்று வெளியேறி, வளையம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். பிறகு அது கல்லுக்கும் மேல். சிர்கோனியா எதற்கு என்றால், விரிசல் ஒன்று ஓடத் தொடங்கியதும் அந்தத் துகள்கள் பருத்து அதன் வாயை அடைத்துவிடும். சாதாரணப் பீங்கான் உடையும் இடத்தில் இது தாங்கும்.

எல்லாம் உலை ஒழுங்காக எரிந்தால்.

அடுத்தடுத்து இரண்டு தட்டு வளையங்கள் வீணாயின. ஓரத்து வளையங்கள் நன்றாக இருந்தன. நடுவில் இருந்தவை சுருங்கவே இல்லை. உள்ளே போன சாக்பீஸ் அப்படியே வெளியே வந்தது. உலையில் நடுவில்தான் சூடு குறையாமல் நிற்கும். அங்கே எப்படி வேகாமல் போகும்?

சகலைக்குச் சந்தேகமே இல்லை.

"தூங்கிட்ட. இல்ல, அணைச்சுட்ட. ரெண்டுல எது?"

"மீட்டர் காகிதத்தைப் பாருங்க அண்ணே. ஒரு டிகிரி இறங்கல."

"காகிதம் உன் பேச்சைக் கேக்கும். வளையம் கேக்காது."

"நான் எதுக்கு அண்ணே அணைக்கணும்?"

"சோத்துக்கு வழியில்லாம வந்தவனுக்குக் காரணமா வேணும்? மூணாவது தட்டும் இப்படி வந்துச்சுன்னா மாடி அறையைக் காலி பண்ணு. உன் பொண்டாட்டி அவ அக்கா வீட்டுக்கு வந்துடுவா. உனக்குத்தான் போக்கிடம் இல்ல."

பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில். உலைக்காரனும் மனைவியும் கல்யாணமானதிலிருந்து அதில்தான் இருந்தார்கள். உலகத்தில் அவனுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது தட்டை அவனே அடுக்கினான். அவனே உலைக் கதவைப் பூட்டினான். உலைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தான். கண் கொட்டவில்லை. மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அதையும் தொடவில்லை.

"உலை ஓடியா போயிடும்? குடிங்க."

"இன்னிக்கு என்னை எழுப்பாத."

"முழிச்சிருக்கவங்களை யாரு எழுப்புவா?" என்று சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது டிகிரி. இனி ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது. அப்படியே நிற்க வேண்டும்.

நின்றது. ஆனால் கரண்ட் மீட்டரின் முள் இறங்கவில்லை. சூடு நிலைத்த பிறகு உலை கொஞ்சமாகத்தான் மின்சாரம் இழுக்கும். இது மேலும் மேலும் இழுத்தது. உள்ளே எதையோ சூடாக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது போல.

கறுப்புக் கண்ணாடியை எடுத்தான். கதவிலிருந்த துளையில் கண்ணை வைத்தான்.

அந்தச் சூட்டில் உலைக்குள் எதுவும் தெரியாது. தொழிலுக்குப் புதியவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தட்டு, வளையம், சுவர் எல்லாம் ஒரே சூடு. அதனால் ஒரே ஒளி. ஓரம் இல்லை, நிழல் இல்லை. வெறும் வெளிச்சம். அதற்குள் ஏதாவது தெரிந்தால், அது உலையைவிடக் குளிர்ந்தது என்று பொருள்.

ஏதோ தெரிந்தது.

தட்டின் நடுவில் ஒரு இருட்டு. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்தான். சட்டையில் துடைத்தான். மறுபடி பார்த்தான். அதே இடம். கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தான். இருட்டு திரும்பவில்லை.

அதற்கு ஓரங்கள் இருந்தன. வளைந்த முதுகு. மடக்கிய முழங்கால்கள். வளையங்களின் மேல் குந்தி உட்கார்ந்து, முதுகை இவன் பக்கம் காட்டிக்கொண்டு...

முதுகு ஏறி இறங்கியது.

டக்... டக்... மின்பெட்டிக்குள் சுவிட்சு விழுந்து எழும் சத்தம். வேறு சத்தம் இல்லை.

பிறகு தலை அசைந்தது.

மெதுவாக... இவன் பக்கம்...

கண்ணை எடுத்துவிட்டான்.

ஓடியிருக்கலாம். உலையை அணைத்திருக்கலாம். அணைத்தால் தட்டு வீண். மாடி அறை போகும். அவன் முன்னறைக்குப் போனான்.

"அண்ணே, வந்து ஒரு தடவ பாருங்க. உலைக்குள்ள என்னமோ இருக்கு."

"உன் புத்தி இருக்கும். தொலைச்சுட்டியே, அது."

"நீங்களே கண்ணால பாருங்க. அப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்க."

உள்ளே இருப்பது திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

சகலை வந்தார். கண்ணாடியைப் பிடுங்கினார். துளையில் கண்ணை வைத்தார்.

"உலைன்னா ஒண்ணும் தெரியக் கூடாது. தெரியுதுன்னு ஒருத்தன் சொன்னா, அவன்தான் அணைச்..."

பேச்சு நின்றது.

டக்... டக்...

கை துளைக்கருகே சுவரைத் தேடியது. கதவு சுடும். கை கதவில் பட்டது. சகலை எடுக்கவில்லை.

"அண்ணே. கை!"

டக்.

அதன் பிறகு சத்தம் இல்லை. கரண்ட் முள் சரசரவென்று இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

சகலை நிமிர்ந்தார். உள்ளங்கையில் கொப்புளம் இல்லை. சிவக்கக்கூட இல்லை.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

அந்த அறையில் வியர்வை தரையில் சொட்டும். அவர் பேசியபோது வாயிலிருந்து வெண்மையாக ஆவி வந்தது.

சகலை வெளியே போய் வெயிலில் நின்றார். உலைக்காரன் துளையில் கண்ணை வைத்தான்.

வெறும் வெளிச்சம்.

மறுநாள் ஆறிய உலையைத் திறந்தான். அத்தனை வளையங்களும் சுருங்கியிருந்தன, நடுவில் இருந்தவையும். ஒன்றை நகத்தால் தட்டினான். மணிபோல ஒலித்தது. இன்னொன்றில் சோதனைக்கான வைர முனையை அழுத்தினான். விரிசல்கள் மயிரளவு ஓடி நின்றுவிட்டன. பட்டறைக்கு வராத சகலையிடம் போனில் சொன்னான்.

"சரி. இருந்துக்க," என்றார் சகலை. திட்டக்கூட இல்லை.

மனைவி ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தாள்.

அவள் அக்காவிடமிருந்து சேதி வந்துகொண்டிருந்தது. அத்தான் மத்தியான வெயிலில் போர்வையோடு உட்கார்ந்திருக்கிறார். அத்தான் கையில் வாங்கிய டீ வாய்க்குப் போவதற்குள் பச்சைத் தண்ணீராகிவிடுகிறது. காய்ச்சல் இல்லை. வலது கண்ணில் ஏதோ விழுந்ததாகச் சொல்கிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் கண்ணைப் பாருங்கள் என்கிறார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லையாம். கண் டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். கருமணி சுருங்கவில்லை. ஒளி உள்ளே போகிறது, அவ்வளவுதான். இதுபோல் நான் பார்த்ததில்லை என்றாராம். குனிந்து உற்றுப் பார்க்கப் போனவர், ஏனோ நிமிர்ந்து, விளக்கைப் போடச் சொன்னாராம்.

இதைச் சொல்லிவிட்டு மனைவி கேட்டாள்.

"அன்னிக்கு அவரு உலைக்குள்ள என்ன பார்த்தாரு?"

"எனக்கென்ன தெரியும்."

"நீங்க பார்க்கலையா?"

"முதுகைத்தான் பார்த்தேன்," என்று வாய் தவறி வந்துவிட்டது.

"யாரு முதுகை?"

கீழே இறங்கிவிட்டான்.

அந்த வார முடிவில், மத்தியானம், உலை ஆறிக் கிடந்தது. உள்ளே தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே கட்டில் இழுபடும் சத்தம். வெளியே வந்து பார்த்தான்.

மாடிப்படியின் கீழே ஒரு ஜோடி செருப்பு. சகலையுடையது.

அந்த அறைக்கு அவர் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறுவது தன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்பார்.

இரும்புக் கைப்பிடியைப் பிடித்தான். உதறினான். விரல்கள் ஒட்டிக்கொண்டு பிரிந்தன. அவ்வளவு குளிர்.

மேலே சகலையின் குரல் கேட்டது. கெஞ்சும் குரல். அந்தக் குரலில் அவர் யாரிடமும் பேசியதில்லை.

"டாக்டருக்குத் தெரியல. உங்க அக்கா பார்க்க மாட்டேங்குறா. நீ கொஞ்சம் கிட்ட வந்து பாரும்மா. தூசிதான்."

இரண்டிரண்டு படியாக ஏறினான்.

கதவு திறந்திருந்தது. கட்டிலில் சகலை, போர்வையோடு. முகம் அண்ணாந்திருந்தது. மனைவி குனிந்து, கட்டை விரலால் அவர் இமையை விலக்கிப் பிடித்திருந்தாள்.

கத்த வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. ஆவிதான் வந்தது.

அவள் திரும்பவில்லை. இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"தூசி ஒண்ணும் இல்லையே அத்தான்... உள்ள யாரு உட்கார்ந்திருக்கா?"