குடிக்காதவன் கண்

ஒரு மழைக்காலத்தில்தான் என் கண்களுக்குக் கீழே வீங்கத் தொடங்கியது. காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் இமைகள் தடித்து, கண் பாதிதான் திறந்திருக்கும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் வடியும். அப்போது நான் சென்னை பாடியில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில், ஃபிரிட்ஜ் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். வேப்பம்பட்டிலிருந்து காலை ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்குத் தூக்கம் குறைவு, அதனால்தான் இப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மற்றவர்கள் வேறு காரணம் வைத்திருந்தார்கள்.

"இன்னா மாமே, நைட்டு செம்ம சரக்கா?" என்று முதலில் கேட்டவர் டிவி பிரிவில் நிற்பவர். சிரித்துக்கொண்டே கேட்டார், நானும் சிரித்துவிட்டேன். அடுத்த வாரம் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். என் பக்கம் சாய்ந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஃபேமிலியா வர்ற எடம். மூஞ்சப் பாத்தாலே தெரியுது. கொஞ்சம் பாத்துக்கோ" என்றார். நான் குடிப்பதில்லை என்று சொன்னேன். "எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க" என்றபடி போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. காரணம் என் அப்பா. குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டு, வயிறு ஊதி, நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். கடைசி மாதங்களில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு லேசாகத்தான் நினைவிருக்கிறது. அம்மாவுக்கு நன்றாகவே நினைவிருக்கும்.

அம்மா ஆவடியில் என் தங்கையோடு இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடா நைனா, உங்கப்பன் கண்ணாட்டம் கீது?"

"தூக்கம் பத்தலம்மா."

அன்று சாப்பிட்டதும் கிளம்பிவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை தங்கை வீட்டில் ஜெபக்கூட்டம் இருந்தது. என் மனைவி போயிருந்தாள். திரும்பி வந்தவள் தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா எழுந்து நின்னு, 'எம்புள்ளயும் அவங்கப்பன் வழியில பூட்டான், அவனுக்காக ஜெபம் பண்ணுங்க'ன்னு அழுவுறாங்க. எல்லாரும் என்னயே திரும்பிப் பாக்குறாங்க."

"நீ சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேனே. புருசன வுட்டுக்குடுக்காத பொண்ணுன்னு ஒரு அக்கா என் கையப் புடிச்சிக்கினு அவங்களும் அழுவுறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகம் தெரியாத யார் யாரோ என் குடிக்காகக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்ததை நினைக்க உடம்பு கூசியது.

மறுநாள் மாலை அவள் ஸ்டேஷன் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரிலிருந்து ஒரு சின்ன டப்பா வாங்கி வந்தாள். கண்ணுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் ஜெல் பேட்ச். அடுத்த ஞாயிறு சொந்தக்காரர் குழந்தைக்கு ஞானஸ்நானம். எல்லோரும் சர்ச்சுக்கு வருவார்கள். "இருக்கறதுலயே கம்மி வெல இதான். வீடியோல நல்லாத்தான் சொல்றாங்க. ஈரம் புடிச்சி வீக்கம் கொறையுமாம்" என்றாள்.

என்னைப் படுக்க வைத்துவிட்டு, டப்பாவோடு வந்த குட்டிக் கரண்டியால் ஒன்றை எடுத்தாள். பிறை வடிவில், தோலுரித்த நுங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஒட்டினால் நிற்காமல் கன்னத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி மேலே தள்ளி விரல் நுனியால் அழுத்தினாள். சில்லென்று இருந்தது. பல வாரங்களாக யாரும் என் முகத்தைச் சந்தேகமில்லாமல் தொடவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?" என்றாள்.

"கேளு."

"நெஜமாவே நீங்க குடிக்கலல்ல?"

கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. "இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் கை சற்று நேரம் என் நெற்றியில் இருந்தது. பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

பேட்சை உரித்தபோது தோல் பளபளவென்று மிருதுவாக இருந்தது. வீக்கம் அப்படியே இருந்தது. டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்து அந்த வாரம் முழுக்க ஒட்டிப் பார்த்தோம். குளிர்ச்சிக்குக் கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்கும். விடிந்தால் பழைய கதைதான்.

ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டு வந்து ஷூவைக் கழற்றியபோது மனைவி என் காலைப் பார்த்தாள். சாக்ஸின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. குனிந்து கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, திருநின்றவூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

அந்த டாக்டரம்மா நான் குடிக்கிறேனா என்று மற்ற கேள்விகளோடு ஒன்றாகத்தான் கேட்டார். இல்லை என்றதும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். "யூரின் போகும்போது நுரை வருதா?"

வந்துகொண்டுதான் இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று விட்டிருந்தேன்.

சோதனையில் புரதம் அளவுக்கு மேல் வெளியேறுவது தெரிந்தது. நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே முதுகில் ஊசி இறக்கிச் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். வடிகட்ட வேண்டியது ஒழுகுகிறது, மாத்திரையில் கட்டுப்படலாம், நாளாகும், உப்பு கூடாது என்றார்கள்.

வார்டுக்கு அம்மா வந்தாள். மனைவி அவளிடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். குடி இல்லை என்று இப்போதாவது ஒத்துக்கொள்வாள், ஒரு வார்த்தை வருத்தப்படுவாள் என்று நான் காத்திருந்தேன். அம்மா என் காலில் அந்தக் குழி விழும் இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"குடியா இருந்துருந்தா உட்டுரலாண்டா நைனா. இத எப்பிடிடா உடுவ?" என்றாள்.

அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் தோளில் முகம் வைத்து அழுதேன்.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, ஆனால் அந்த மருந்தே முகத்தை வட்டமாக உப்ப வைத்தது. கஸ்டமர் முன்னால் வேண்டாம் என்று மேனேஜர் என்னைக் குடோனுக்கு மாற்றிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை, ஒருவகையில் நல்லதுதான். இப்போது மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். நோய் திரும்ப வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் என் மனைவி காபி போடுவதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன்.