தொட்டிக்குப் போகும் தடத்தில் ஒரு குழி

மாலை நாலு பத்து. காருக்குள் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும். மகள் பிளாஸ்க்கிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் படபடத்தது. அடுத்து, கனமான ஏதோ மண்ணில் இறங்கிய சத்தம். அதற்குப் பிறகு ஒரு மாட்டின் கதறல்.

"அப்பா, குழி" என்றாள். டம்ளர் என் மடியில் கவிழ்ந்தது. சூடு உறைத்தது எனக்கு நினைவே இல்லை.

என் மகள் மண்ணை ஆராய்கிறாள். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் "எந்த மண்ணு?" என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு மண் என்றால் செருப்பில் ஒட்டுவது, அவ்வளவுதான். ஆனால் அவளைத் தனியாகக் காடு தோட்டங்களுக்கு அனுப்ப மனம் வராது. பாம்பு, மூடாத கிணறு, வெயில் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன். அதனால் விடுமுறை நாட்களில் நானே காரோட்டி. குழியில் மாடு விழும் என்பது மட்டும் என் பயங்களில் இல்லை.

சென்னிமலைக்குத் தெற்கே ஒரு கொரங்காடு அது, மாடு மேயவென்றே விட்ட நிலம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே புல், இடையிடையே வெள்வேல மரங்கள், ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. மாடுகளை அங்கே கட்டுவதில்லை, மேய்க்க ஆளும் இல்லை. இரவும் பகலும் அவை பாட்டுக்கு உள்ளேயே இருக்கும். அதை ஒட்டி ஒரு தக்காளித் தோட்டம். அதற்கும் அடுத்து, வண்ணம் பூசிய கல் நட்ட வீட்டுமனைகள். மூன்றும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தவை. மூட்டை மூட்டையாக உரம் கொட்டும் தோட்டத்தில் சத்தெல்லாம் எங்கே போகிறது, உரமே காணாத கொரங்காட்டுக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் மகளின் கேள்வி. கேட்டுக் கேட்டு அது என் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

குழி தோண்ட யாரும் எளிதில் விடவில்லை. பல காட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். இந்தக் காட்டுக்கார அம்மா ஒருவர்தான் சம்மதித்தார். அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலேயும் போட்டு மூடிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

காலையில் கூலிக்கு வந்த இருவர் தோண்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மகளின் தோளளவு ஆழம், ஒரு கட்டிலின் நீளம். சிவப்பு மண், சரளை, வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் என்று மூன்று குவியல்களைத் தனித்தனிச் சாக்குகளின் மேல் வைத்திருந்தாள். என்னையும் உள்ளே இறக்கினாள்.

"இதைப் பாருங்கப்பா."

சிவந்த சுவரில் கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் கோடு கீழ்நோக்கிப் போயிற்று. சாணி வண்டு தோண்டிய வளையாம். மாடு மேலே போட்டதை உருட்டி, உள்ளே கொண்டுபோய்ச் சேமித்திருக்கிறது. வெள்வேல மரத்தின் வேர் ஒன்று அந்தக் கறுப்பைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மரத்தின் காயைத்தான் மாடு தின்கிறது.

"காடு பூரா மேயும். ஆனா தண்ணி குடிக்க இங்கதான் வந்து நிக்கும். அதனால சாணி இங்கதான் அதிகம். காட்டுச் சத்தெல்லாம் இந்தத் தடத்துல வந்து சேருது. எத்தனை ஆழத்துக்கு இறங்கியிருக்குன்னு பாக்கத்தான் இந்த இடத்தைப் புடிச்சேன்."

நான் அந்தக் கறுப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு வண்டை நினைத்து வியப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அடிமண்ணை எடுப்பதற்குள் சுவர் காய்ந்துவிடக் கூடாது என்று குழியின் மேல் தார்ப்பாயை விரித்து, ஓரங்களில் கல் வைத்துவிட்டு, அவள் காப்பிக்கு வந்தாள்.

நாங்கள் ஓடிப் பார்த்தபோது குழிக்குள் நின்றது ஒரு மயிலைப் பசு. சாம்பல் பூத்த வெள்ளை. நான்கு காலிலும் நின்றது, ஆனால் திரும்ப இடமில்லை. முதுகும் கொம்பும் மட்டும் வெளியே. நீலத் தார்ப்பாய் காலில் சுற்றிக் கிடந்தது. வயிறு இரண்டு பக்கமும் சுவரில் உரசியது.

"சினைப்பா" என்றாள் மகள். அவள் முகம் வெளுத்திருந்தது.

கதறல் கேட்டுத் தக்காளித் தோட்டத்துக்காரர் மண்வெட்டியோடு வந்தார்.

"ஏனுங்க, போர் போடறீங்களா?"

"மண்ணு எடுக்கறமுங்க" என்றேன்.

"மண்ணெடுக்கக் கோயமுத்தூர்ல இருந்து வரோணுமாக்கும்! அங்க இல்லீங்களா?" குழியை எட்டிப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "அடடா, இது நெறமாசமுங்க. அந்தக்கா பெத்த புள்ளையாட்ட வெச்சிருக்குது. கயிறு கட்டி இழுத்துப்போடலாமா?"

மகள் கால்நடை மருத்துவரை அழைத்தாள். அவர் வேறொரு ஊரில் ஒரு பிரசவத்தில் இருந்தார். வர நேரமாகும், வயிற்றில் மட்டும் கயிறு போட்டுவிடாதீர்கள் என்றார். அடுத்து காட்டுக்கார அம்மாவை அழைத்தாள். "கெளம்பிட்டேன்" என்ற ஒரே சொல்லோடு இணைப்பு அறுந்தது.

மகள் குழியையும் குவியல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தோட்டக்காரரின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, கைக்கு எட்டிய சிவப்புக் குவியலை அப்படியே உள்ளே தள்ளினாள்.

"அதை மேல போடறேன்னு சொன்னியே கண்ணு" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"மாட்டைத் தூக்க முடியாதுப்பா. தரையைத்தான் தூக்கோணும். தள்ளுங்க!"

நான் இரண்டு கையாலும் அள்ளினேன். தோட்டக்காரர் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "ஹோ, ஹோ, கால எடு சாமி" என்று பேசிக்கொண்டே இருந்தார். மண் கால்களைச் சுற்றி நிறையும். பசு காலை உருவி அதன் மேல் வைக்கும். மிதித்து இறுக்கும். நாங்கள் மறுபடி தள்ளுவோம். சிவப்பு, சரளை, வெள்ளை எல்லாம் ஒன்றாகிவிட்டன. கறுப்புக் கோடு கண்ணெதிரே மறைந்தது. அதைத்தான் மகள் இன்னும் அளந்திருக்கவில்லை. அவள் ஒரு முறைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு கட்டத்தில் பசு முன்னங்காலை மடித்து மண்டியிட்டது. அதோடு போயிற்று என்று நினைத்தேன். அந்த நொடி இன்னும் சில சமயம் உடம்பில் வந்து போகிறது. காற்றில் எங்காவது தார்ப்பாய் அடித்தால் போதும். ஆனால் அது மண்டியிட்டது எழுவதற்காக. ஒரே உந்தல். மேலே வந்து, நடுங்கி நின்று, நேராகத் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது.

"தண்ணிக்கு வந்த வேலைய முடிச்சுட்டுத்தான் மறுவேலைங்க" என்றார் தோட்டக்காரர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மருத்துவர் வந்து வயிற்றில் கைவைத்து நெடுநேரம் நின்றார். "கன்னு அசையுதுங்க" என்றார். மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயும்போது வேலிகளுக்கு இடையே வரும் இட்டேறித் தடத்தில் மொபெட் சத்தம் கேட்டது. காட்டுக்கார அம்மா, கல்யாணப் பட்டுச்சேலையை இழுத்துச் செருகியபடி. எங்களைப் பார்க்காமல் பசுவிடம் போனார். கழுத்தையும் வயிற்றையும் தடவினார். ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். அதன் பிறகே குழியருகே வந்தார்.

"மண்ணு கலந்துபோச்சுங்க பெரியம்மா. சொன்னபடி மூடலீங்க" என்றாள் மகள்.

"மண்ணு கெடக்குது. ஏன் அம்மணி, இத்தனை பெரிய காட்டுல மாடு தண்ணிக்கு வர்ற தடந்தான் கெடச்சுதா?"

"மாடு வர்ற எடம்னுதானுங்க இங்க..."  தோட்டக்காரர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில் நான் சாணி வண்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். வளை, கறுப்புக் கோடு, தேடி வந்த வேர், எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் என் காப்பிக் கறை படிந்த கால்சட்டையையும் மண் அப்பிய கைகளையும் பார்த்தபடி முழுவதும் கேட்டார்.

"கன்னு போடட்டுமுங்க. அதுவரைக்கும் ஆரும் இந்தக் காட்டுல கால் வெக்காதீங்க" என்றார். மகள் தலையாட்டினாள். மொபெட்டை நோக்கி நடந்தவர், பாதியில் நின்று திரும்பினார்.

"அப்பறம் வாங்க. மாட்டை நானே புடிச்சுக் கட்டறேன். அந்த வண்டு எத்தனை ஆழம் போகுதுன்னு நானும் பாக்கோணுமுங்க."