பிள்ளையாருக்குப் போட்ட ஆயிரத்தெட்டு

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கல். வலி வந்தால் லயத்து வீடுகள் எல்லாம் எழும்பும்படி கத்துவார். ஒப்பரேஷன் என்றால் அதைவிடப் பெரிதாகக் கத்துவார். கத்தி படாமல் கல் விழுந்துவிட்டால் ஆயிரத்தெட்டுத் தோப்புக்கரணம் போடுகிறேன் என்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டேன். நூற்றெட்டு என்றே சொல்லியிருக்கலாம். எனக்கு எதிலும் கை தாராளம்.

கல் விழுந்தது. நானோ பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிறவள். மலை ஏறிக் கொழுந்தெடுக்கிற கால் எனக்கில்லை. ஆனாலும் சாமியிடம் தவணை கேட்க ரோஷம் விடவில்லை. ஒரே காலையில், காதைப் பிடித்துக்கொண்டு, முழுவதையும் போட்டு முடித்தேன். மறுநாள் தொடை இரண்டும் பலகையாகிவிட்டன. அதற்கடுத்த நாள் சிறுநீர் பால் ஊற்றாத பிளேன்டீ நிறத்தில் போனது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சிங்கள டொக்டருக்கு எலிக்காய்ச்சலோ என்று சந்தேகம். வயலில் இறங்கினீர்களா, பாரம் தூக்கினீர்களா, கடுமையாக ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார். ஒன்றுமே செய்யவில்லை என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். சாமி காரியத்தை யார் வேலைக் கணக்கில் சேர்ப்பார்கள்?

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. தோப்புக்கரணத்துக்குச் சிங்களத்தில் வார்த்தை கிடைக்காமல், சாரத்தை மடித்துக் கட்டி, காதைப் பிடித்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிக் காட்டினார். ஆஸ்பத்திரி வாட்டே சிரித்தது.

“கீயக்?” என்று டொக்டர் கேட்டார், எத்தனை என்று. இவர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பழக்கமில்லாத சதையை அப்படி வதைத்தால் அது உடைந்துபோகுமாம். உடைந்தது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் போய் அடைக்குமாம். நான் பார்த்த அந்த நிறம் என் சொந்தச் சதையின் நிறம். சேலைன் ஏற்றிப் பார்ப்போம், சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினுக்கு இரத்தினபுரிக்கு அனுப்புவோம் என்றார் டொக்டர். வீட்டுக்காரருடைய சிறுநீரகத்துக்காக நேர்ந்துகொள்ளப் போய் என்னுடையதைத் தொலைக்கப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உண்மையிலேயே பயந்தேன்.

கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையை வீட்டுக்காரர் நாள் முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்தார். நிறம் மெல்ல மெல்ல வெளுத்தது. மெஷின் தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனதும் இவர் என் காதருகே வந்தார்.

“நானும் ஒன்னு நேந்துக்கிட்டேன் புள்ள.”

எனக்குத் திக்கென்றது. “என்னாங்க? தோப்புக்கரணமா?”

“இல்ல, மொட்ட போடுறேன்னு.”

அவர் தலையில் காதோரம் மட்டும்தான் கொஞ்சம் முடி. தொடை வலிக்க வலிக்கச் சிரித்தேன். “மொட்ட போட அங்க என்னாங்க இருக்கு?”

அவர் சிரிக்கவில்லை. “எங்கிட்ட இருக்கிறதத்தானே குடுக்க முடியும்” என்றார்.

நான் அழுதுவிட்டேன்.