ரங்கூன் செட்டின் போர்முழக்கம்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு வெளியே, அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிக்காரர் வெங்காயம் பொரித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கு வயசே ஆவதில்லை. அந்த வாசனை என்னை யுத்த காலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து ஓடிவந்து இந்த ஊரில் ஒண்டிய குடும்பங்கள் எங்களுடையவை. பிள்ளைகள் நாங்கள் ஒரு செட்டு, மணி தலைவன். சந்தைத் திடலில் சடுகுடு ஆடப் பக்கத்துக் கரையான்சாவடிப் பையன்கள் எங்களை விடவில்லை.

"ரங்கூன்ல நம்மளத் தமிழன்னு விரட்டினாங்க. இங்க பர்மாக்காரன்னு விரட்டுறாங்க. சரி, பர்மாக்காரனாவே இருந்து காட்டுவோம்டா!" என்றான் மணி.

எங்கள் எல்லோருக்கும் சேர்த்து முழுசாகத் தெரிந்த பர்மிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். கம்பைத் தூக்கிக்கொண்டு, "தமின் சா பீபீலா!" என்று கத்தியபடி பாய்ந்தோம்.

"டேய், மந்திரம் போடறானுங்கோ!" என்று அவர்கள் சிதறி ஓடினார்கள். சில நாள் திடல் எங்களுடையதாக இருந்தது.

ஒருநாள் நாங்கள் அப்படி விரட்டிக்கொண்டிருந்தபோது மணியின் அம்மா அந்தப் பக்கம் வந்தார். "ஏண்டா, சோறு சாப்பிட்டாச்சான்னு கேக்கவா இப்படித் தொண்டை கிழியக் கத்துறீங்க?"

ஓடிக்கொண்டிருந்த அவர்கள் தலைவன் ஏகாம்பரம் நின்று திரும்பினான். "இன்னாது, அதுக்கா இம்மாந்தூரம் ஓடுனோம்? கூழு குட்சிகினுதான் வந்தோம் மாமே!"

திடல் அன்றே கைமாறியது. மறுநாள் கடைத்தெருவில் ஏகாம்பரம் என்னை மடக்கினான். "இன்னா ரங்கூன், சோறு துன்ட்டியா?"

"துன்ட்டேன் மச்சான்" என்று அவன் பேச்சே என் வாயில் தானாக வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற மணி தலையில் அடித்துக்கொண்டான். "போச்சு, பர்மாவும் போச்சு!"